துண்டுக்குள் பேரம்

மணப்பாறை, பொள்ளாச்சி, அந்தியூர் போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தைகளில் பல தலைமுறைகளாக ஒரு வழக்கம் உண்டு. தரகரும் வியாபாரியும் நெருங்கி நின்று வலக்கைகளைக் கோத்துக்கொள்வார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். எத்தனை விரல் பிடிபடுகிறது, எந்தக் கணு வரை பிடிபடுகிறது என்பதுதான் தொகை. ஒரு விரலுக்கு எவ்வளவு என்பது மாட்டின் தரத்தைப் பார்த்த உடனேயே இருவருக்கும் தெரிந்துவிடும். வாய் மட்டும் மாட்டின் பல்லையும் சுழியையும் பற்றியோ மழையைப் பற்றியோ ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு எழும் முதல் எண்ணம், இவர்கள் எதையும் நேராகச் சொல்லாத மக்கள் என்பதாக இருக்கும். இந்த எண்ணம் புதிதல்ல. கீழை நாட்டவர் மறைத்துப் பேசுவார்கள், மேலை நாட்டவர் வெளிப்படையாகப் பேசுவார்கள் என்ற வாய்பாடு பயணக் குறிப்புகளில் தொடங்கி இன்றைய மேலாண்மைப் பாடப்புத்தகங்கள் வரை வந்திருக்கிறது. துண்டுக்குள் நடந்த இந்தப் பேரத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அந்த வாய்பாடு நிற்பதில்லை. ஒரு சந்தையில் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவர்களுடைய இனமோ சுபாவமோ தீர்மானிப்பதில்லை. யாருக்கு எது தெரிய வேண்டும், யாருக்கு எது தெரியக் கூடாது என்ற தேவைதான் தீர்மானிக்கிறது.

வாய்பாட்டுக்கு இன்று இருக்கும் மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1950-களில் தம் நாட்டுத் தூதரக அதிகாரிகளுக்கு வெளிநாட்டில் பழகும் முறையைக் கற்பித்தவர். 1976-இல் வெளியான நூலில் அவர் பண்பாடுகளை இரண்டு முனைகளுக்கு இடையே வரிசைப்படுத்தினார். ஒரு முனையில் சொல்லப்படாத சூழலிலேயே பெரும்பகுதி பொருள் அடங்கியிருக்கும் சமூகங்கள். ஜப்பானியரும் அரபியரும் அங்கே. மறுமுனையில் எல்லாவற்றையும் சொல்லிலேயே வைக்கும் சமூகங்கள். ஜெர்மானியரும் ஜெர்மன் பேசும் சுவிஸ் மக்களும் அங்கே. அடுத்து வந்த ஹாலந்துக்காரர் கெர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐ.பி.எம். நிறுவன ஊழியர்களிடம் 1967-க்கும் 1973-க்கும் இடையே எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளைக் கொண்டு நாடுகளுக்கு மதிப்பெண்கள் தந்தார். இரண்டுமே கெட்டிக்காரத்தனமான உழைப்பின் விளைவுகள். ஆனால் இரண்டும் ஒரே வகையான கேள்விக்குத்தான் விடை தேடின: நாளை விமானம் ஏறப்போகும் அதிகாரிக்கு இன்று என்ன சொல்லி அனுப்புவது? அவசரத்துக்கு உதவும் அந்தச் சுருக்கம், காலப்போக்கில் மக்களின் இயல்பைப் பற்றிய உண்மையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்களோடு பதினைந்தாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கோழிக்கோட்டுக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான், அங்கே வணிகம் நடந்த விதத்தைப் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறார். கப்பல் வந்ததும் மன்னரின் அதிகாரி ஒருவரும் செட்டியும் கணக்கரும் தரகரும் சீனத் தலைவர்களைச் சந்தித்து, விலை பேச ஒரு நாள் குறிப்பார்கள். அன்று பட்டுத் துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விலை முடிவாகும். ஒப்பந்தம் எழுதப்பட்டு இரு தரப்பிலும் ஆளுக்கொரு படி இருக்கும். அதன் பிறகு எல்லோரும் கைகளை ஒன்றாகச் சேர்க்க, தரகர் இந்த மாதம் இந்த நாளில் கைசேர்த்து முடித்தாயிற்று, விலை ஏறினாலும் இறங்கினாலும் இனி மாற்றமில்லை என்று அறிவிப்பார். அதற்கு அடுத்துத்தான் உள்ளூர் வணிகர்கள் முத்தையும் மணிகளையும் பவளத்தையும் கொண்டு வருவார்கள். அவற்றின் விலை படிய விரைவாக நடந்தால் ஒரு மாதம், தாமதமானால் இரண்டு மூன்று மாதம். கணக்குப் போட இந்த ஊர்க்காரர்கள் மணிச்சட்டம் வைத்துக்கொள்வதில்லை, கை கால் விரல்கள் இருபதையும் கொண்டே பிழையில்லாமல் கணக்கிடுகிறார்கள் என்றும் அவர் வியக்கிறார். இந்த ஒரு விவரணையிலேயே எழுத்தும் இருக்கிறது, வாய்ச்சொல்லும் இருக்கிறது, கைதொடலும் இருக்கிறது. ஒரே சந்தை, ஒரே மக்கள், மூன்று வழிகள். அளந்து தரம் சொல்லக்கூடிய பட்டுக்கு ஒரே நாளில் விலையும் எழுத்தும். ஒவ்வொன்றும் தனி ரகமான மணிக்கு மாதக்கணக்கில் பேச்சு.

சுமார் நூறாண்டு கழித்து அதே கோழிக்கோட்டைப் பார்த்த இத்தாலியப் பயணி லுடோவிகோ வார்த்தேமாவின் நூல் 1510-இல் ரோமில் அச்சானது. மொத்த வணிகம் தரகர் கையால்தான் நடக்கும் என்கிறார் அவர். வாங்குபவரும் விற்பவரும் வட்டமாக நிற்பார்கள். தரகர் ஒரு துணியை விரித்து, விற்பவரின் விரல்களைத் துணிக்கு அடியில் பற்றுவார். வாயால் ஒரு தொகையும் சொல்லாமல், விரல்களையும் அவற்றின் கணுக்களையும் தொட்டே ஒன்றிலிருந்து பெருந்தொகை வரை பேசிக்கொள்வார்கள். பிறகு தரகர் அதே துணியோடு வாங்குபவரிடம் போவார். இப்படி இருவருக்கும் நடுவே போய்வந்து விலையைப் படிய வைப்பார். துணி இருவருக்கு இடையே தொங்கும் திரையாக இருக்கவில்லை என்பது இங்கே முக்கியம். பேசுகிற இருவரும் திரையின் ஒரே பக்கத்தில்தான் இருந்தார்கள். சுற்றி நின்ற வட்டம்தான் மறுபக்கத்தில் இருந்தது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுபவர் பிரெஞ்சு நகை வணிகர் ஜான் பாப்திஸ்த் தவேர்னியே. பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா நாட்டின் வைரச் சுரங்கங்களுக்குப் பலமுறை வந்துபோன அவர், தம் பயண நூலை 1676-இல் வெளியிட்டார். இருவர் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார, ஒருவர் இடைக்கச்சையை அவிழ்த்துக் கைகளை மூடிக்கொள்ள, பலர் கூடியிருக்கும் இடத்திலேயே கண்ணாலும் வாயாலும் எந்தக் குறிப்பும் தராமல் விற்பனை முடியும் என்கிறார். முழுக் கையையும் பிடித்தால் ஆயிரம், ஒரு விரல் நூறு, நடுக்கணு வரை ஐம்பது, நுனிக்கணு மட்டும் பத்து என்று கணக்கையும் தருகிறார். அவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்லர். தாமே வாங்கவும் விற்கவும் வந்தவர். ஐரோப்பியரான அவர் இந்த மொழியைப் புரிந்துகொண்டதோடு நில்லாமல், அதன் வசதியையும் உணர்ந்தே எழுதியிருக்கிறார். கொல்லூர்ச் சுரங்கத்தருகே தெலுங்கரும் குஜராத்தி வணிகரும் பாரசீகரும் ஐரோப்பியரும் கூடிய இடத்தில், எல்லோருக்கும் பொதுவான மொழி என்று ஒன்று இருந்திருந்தால் அது அநேகமாக விரல்மொழிதான்.

மூன்று நூற்றாண்டுகள், மூன்று வெவ்வேறு நாட்டுச் சாட்சிகள். இவர்கள் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் துண்டு எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்பது புலப்படும். வைரம், முத்து, மாடு ஆகியவற்றுக்கு நிலையான தரம் கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத்தான் மதிக்க முடியும். விற்பவரிடம் அதே போன்ற சரக்கு இன்னும் இருக்கும். இன்று ஒருவருக்குக் கொடுத்த விலை ஊருக்குத் தெரிந்துவிட்டால், நாளை வருகிறவர் அதற்கு மேல் ஒரு காசு தரமாட்டார். வாங்குபவரிடமும் ஓர் இரகசியம் உண்டு: பல வருடப் பழக்கத்தில் கண் கற்றுக்கொண்ட மதிப்பீடு. அவர் எவ்வளவுக்குக் கேட்கிறார் என்பதை அருகில் நிற்கும் போட்டியாளர் கேட்டுவிட்டால், அந்த மதிப்பீட்டை இலவசமாகக் கொடுத்ததாகிவிடும். இவை தவிர மானக்கணக்கும் உண்டு. குறைத்துக் கேட்டார், கேட்டும் கிடைக்கவில்லை என்ற பேச்சு வெளியே போவதில்லை. அதனால் பேரம் முறிந்தாலும் உறவு முறிவதில்லை. ஆனால் இத்தனை மறைப்புக்கும் நடுவே விரல் சொல்வது என்ன? வெறும் எண். உபசாரமில்லை, சுற்றிவளைப்பில்லை, பார்க்கலாம் என்ற இழுப்பில்லை. உலகின் எந்தக் கலாச்சாரத்தின் நேர்ப்பேச்சையும்விட இது நேரானது. வெளியே மௌனம், உள்ளே பச்சையான தொகை: ஹாலின் இரண்டு முனைகளும் இங்கே ஒரே துண்டில் சந்திக்கின்றன.

இது மக்களின் சுபாவமாக இருந்தால் அதே மக்கள் எல்லாச் சரக்கையும் இப்படித்தான் விற்றிருக்க வேண்டும். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு அதற்கு மறுப்பாக நிற்கிறது. இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் 1905-இல் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கீழக்கரை முஸ்லிம்களும் பரதவரும் அரபியரும் மூழ்கி எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு அவர்களுக்கு. அரசு தன் பங்கைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டது. ஏலக்காரர் கூவ, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் கீழக்கரை வணிகர்களும் பம்பாய்க்காரர்களும் எல்லோர் காதிலும் விழும்படி விலை ஏற்றினார்கள். பிறகு சிப்பி அழுகிக் கழுவப்பட்டு முத்து வெளிவரும். பித்தளைச் சல்லடைகளில் அளவுவாரியாகப் பிரித்து, உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் கட்டுவார்கள். அந்த முத்தை விற்கும்போது அதே வணிகர்களின் கைகள் துணிக்கு அடியில் போய்விடும். திறக்காத சிப்பிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே அளவு அறியாதவர்கள், மறைக்க ஒன்றுமில்லை, ஆகவே கூச்சல். முத்து கைக்கு வந்ததும் மதிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு வந்துவிடுகிறது, ஆகவே மௌனம். ஒரே கடற்கரை, ஒரே ஆட்கள், சில வார இடைவெளியில் இரண்டு பேச்சு முறைகள். மாறியது பண்பாடல்ல, சரக்கைப் பற்றிய அறிவு யார் கையில் இருக்கிறது என்பது.

ஐரோப்பாவில் விலை எழுதி ஒட்டிய கடைகள் எப்போதும் இருந்தனவே, அது வேறு சுபாவம்தானே என்று ஒருவர் கேட்கலாம். எப்போதும் இருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடைக்காரர் ஒரு விலை சொல்வதும் வாங்குபவர் பாதி கேட்பதும் அன்றாடம். அதை எதிர்த்து, முதலில் சொன்ன விலையே கடைசி விலை என்று பிடிவாதமாக நின்ற க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஊராரின் கண்ணுக்கு விசித்திரமானவர்களாகத் தெரிந்தார்கள். கொடுக்க நினைக்காத விலையைச் சொல்வது பொய், பொய் பாவம் என்பது அவர்களுடைய சமயக் கொள்கை. சொந்த நாட்டு வழக்கத்தை மீறி ஒரு சிறுபான்மைக் குழு கடைப்பிடித்த ஒழுக்கத்தை, அந்த நாட்டின் பிறவிக் குணமாகக் காட்ட முடியாது. பாரீஸில் நிலைவிலை பெருமளவில் பரவியது, 1852-இல் அரிஸ்தீத் பூசிகோ சேர்ந்த பான் மார்ஷே போன்ற பல்பொருள் அங்காடிகளோடுதான். அதற்கும் காரணம் எளிது. முதலாளியே கல்லாவில் உட்கார்ந்தால் பேரம் பேசலாம். சம்பளத்துக்கு வைத்த நூற்றுக்கணக்கான விற்பனையாளர்களிடம் பேரத்தை ஒப்படைக்க முடியாது. அவர்களை நம்ப முடியாத இடத்தில் விலைச்சீட்டை நம்ப வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமான சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. சொல்லாமல் சொல்வதில் உலகத்துக்கே உதாரணமாகக் காட்டப்படும் அந்த நாட்டில், மிட்சுயி தகாதோஷி 1673-இல் எடோ நகரில் எச்சிகோயா என்ற துணிக்கடையைத் திறந்தார். அதுவரை துணி வணிகர்கள் பிரபுக்களின் வீடுகளுக்குச் சரக்கைக் கொண்டுபோய்க் காட்டி, ஆளுக்கேற்ற விலை பேசி, கடனுக்குக் கொடுத்து, ஆண்டுக்கு இரண்டு தவணையில் பணம் வசூலித்தார்கள். மிட்சுயி கடைக்கே வரச் சொன்னார், கையோடு காசு கேட்டார், ஒரே விலை என்றார், கேட்ட அளவுக்குத் துணியை வெட்டிக்கொடுத்தார். பாரீஸ் அங்காடிக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் முன்பு. வாடிக்கையாளர் பிரபுவாக இருந்தவரை வளைந்த பேச்சு. வாடிக்கையாளர் நகரத்து நடுத்தர மக்களாக மாறியதும் நேர்ப்பேச்சு. எடோ மக்களின் மனம் ஒரே தலைமுறையில் மாறிவிட்டதாகச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள்.

மறுதிசையிலும் இதே கதைதான். வெளிப்படையாகப் பேசுவதில் பெருமை கொள்ளும் ஹாலந்தில் காய்கறியும் பூவும் விற்கும் முறை ஏறத்தாழ மௌனமானது. ப்ரூக் ஒப் லாங்கெடைக் என்ற ஊரில் 1887-இல் தொடங்கிய காய்கறி ஏலத்தின் வழியில் வளர்ந்த அந்த முறையில், பெரிய கடிகாரம் ஒன்று உயர்ந்த விலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்தியவருக்குச் சரக்கு. ஒரு சொல்லும் வேண்டியதில்லை. வாடும் பொருளுக்கு நேரம்தான் எதிரி. அதனால் பேச்சையே வெட்டிவிட்டார்கள். டோக்கியோ மீன் சந்தையில் ஏலக்காரர் ஓயாமல் ஓதுவார். வாங்குபவர்கள் விரலை மட்டும் காட்டுவார்கள். 1848-இல் நிறுவப்பட்ட சிகாகோ தானியச் சந்தையில் இரண்டும் சேர்ந்திருந்தன: கூச்சலுக்கு நடுவே கை. உள்ளங்கை தன்னை நோக்கினால் வாங்குகிறேன், வெளியே நோக்கினால் விற்கிறேன். அங்கே துண்டு கிடையாது, ஏனெனில் தானியம் தரம்பிரித்து எண்ணிட்ட சரக்கு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விலை தெரிவதுதான் அந்தச் சந்தையின் பயனே. பெரும்பாலான அந்தக் களங்கள் 2015-இல் கணினிக்கு இடம்விட்டு மூடப்பட்டபோது, ஒன்றரை நூற்றாண்டு விரல்மொழி ஒன்றும் மூடப்பட்டது. சிகாகோக்காரரும் கொல்லூர் வணிகரும் ஒரே உறுப்பால் பேசினார்கள்; ஒருவர் எல்லோரும் பார்க்கப் பேசினார், மற்றவர் யாரும் பார்க்காமல் பேசினார். வேறுபாடு சரக்கில் இருந்தது.

துண்டுக்குள் பேரம் ஏமாற்றுக்கு வசதியானது என்ற எதிர்ப்பு இதைவிட வலுவானது; அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தரகர் விற்பவரின் விரலில் ஒரு தொகையையும் வாங்குபவரின் விரலில் வேறொரு தொகையையும் பேசினால் நடுவில் நிற்பது அவருடைய மடியில் விழும். தான் வளர்த்த மாட்டின் விலை தனக்கே தெரியாமல் முடிவாகும் நிலையில் விவசாயி நின்ற சந்தைகள் இருந்தன. விளைபொருள் சந்தைகளிலும் துணி மறைவில் விலை படிந்ததால், கடன்பட்ட உழவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1926-இல் அமைந்து 1928-இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான அரச ஆணையம் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்றது. 1933-இல் மதராஸ் மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைகளுக்கான சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்டது. இனி எல்லாமே திறந்த பேச்சு என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் இன்று தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்திக்கும் மஞ்சளுக்கும் பரவலாக நடப்பது மறைமுக ஏலம். வியாபாரிகள் சரக்கைப் பார்த்து ஆளுக்கொரு சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். பிறகு பெட்டி திறந்து அதிக விலை அறிவிக்கப்படுகிறது. சட்டம் மறைப்பை ஒழிக்கவில்லை, இடம் மாற்றியது. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை அமுக்காமலிருக்க அவர்களிடையே மறைப்பு வேண்டும், சரக்குக்கு உடையவரிடம் மறைப்பு கூடாது என்று பிரித்தது. துண்டின் குற்றம் அது மறைத்தது அல்ல, மறைக்கக் கூடாதவரிடமும் மறைத்தது. ஆக இந்த எதிர்ப்பு என் வாதத்தை அசைப்பதற்குப் பதிலாக இன்னொரு சான்றைத் தருகிறது: ஒரு பேச்சு முறையைச் சட்டத்தால் திருத்த முடிந்ததென்றால் அது இரத்தத்தில் ஓடியதாக இருக்க முடியாது.

அப்படியானால் பண்பாடு என்று ஒன்றுமே இல்லையா? பெர்லினிலும் ஒசாகாவிலும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மேலாளர்கள் இன்றும் வேறு வேறு விதமாகத்தான் மறுப்புச் சொல்கிறார்கள் என்பது உண்மைதானே? உண்மைதான். தேவையால் பிறந்த வழக்கம் தேவை போன பிறகும் நெடுநாள் நிற்கும். கைப்பேசியில் எல்லா ஊர் விலையும் தெரிந்த பிறகும் சில சந்தைகளில் துண்டு விழுகிறதென்றால், அது பழக்கத்தின் பிடி. பண்பாடு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி மிஞ்சி நிற்கும் பழக்கம்தான். அதற்கு வலிமை உண்டு, அதை மதிக்கத் தெரியாதவர் வணிகத்தில் தோற்பார். நான் மறுப்பது அதன் இருப்பை அல்ல, அதையே காரணமாகக் காட்டுவதை. தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் கூர்மையாக இருக்கிறது. நன்னூல் இடக்கரடக்கலையும் மங்கல வழக்கையும் தொழிற்குழுவினர் தமக்குள் பேசும் குழூஉக்குறியையும் ஒன்றாகச் சேர்த்துத் தகுதி வழக்கு என்று வகுத்தது. நேராகச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லும் மூன்றையும் அது எந்த நாட்டாரின் குணமாகவும் பார்க்கவில்லை. அவைக்கும் சமயத்துக்கும் தக்க பேச்சாகப் பார்த்தது. பொற்கொல்லர் பட்டறையில் மறைத்துப் பேசுபவர் வீட்டுக்குப் போய் மறைத்துப் பேசுவதில்லை என்பது அந்த இலக்கணத்தாருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வரலாறு இன்றைய நிறுவனங்களுக்கும் உதவும். வெளிநாட்டுப் பங்காளியோடு கூட்டம் நடத்தும் முன், அந்த நாட்டார் எப்படிப்பட்டவர்கள் என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடச் சில கேள்விகளைக் கேட்பது நல்லது. அந்த அறையில் இருப்பவர்களில் யாருக்கு இந்த விலை தெரியக் கூடாது? எதிரே இருப்பவர் முதலாளியா, இன்னொருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவரா? இன்று வேண்டாம் என்று சொன்னால் நாளை யார் முன்னிலையில் அவருக்குச் சங்கடம்? தரம் எழுத்தில் அடங்கும் சரக்கா, கண்ணால் மட்டும் மதிக்கக் கூடியதா? எல்லோர் முன்பும் வழவழவென்று பேசியவர் தனியே அழைத்தால் ஒரே வரியில் தொகையைச் சொல்லிவிடுவதும், நேர்ப்பேச்சுக்குப் பேர்போனவர் மேலதிகாரி அருகில் இருக்கும்போது பார்க்கலாம் என்று இழுப்பதும் எந்த நாட்டிலும் நடக்கும். நாட்டின் பெயரை மட்டும் கேட்டு முடிவு கட்டுபவருக்கு இந்த இரண்டும் விளங்காது. யார் யாரிடமிருந்து எதைக் காக்கிறார்கள் என்று பார்ப்பவருக்கு இரண்டும் விளங்கும்; எந்த இடத்தில் துண்டை எடுத்துவிட வேண்டும், எந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.